பசையில் ஒரு சொட்டு சோப்பு: தேக்குத் துண்டில் ஒரு சோதனை

தேக்கில் ஒட்டு விட்டுப்போனால் உடனே பசை சரியில்லை என்பார்கள். அந்தப் பசை மரத்தில் படர்ந்ததா என்று பார்த்தவர்கள் குறைவு. படராத பசை நாருக்குள் இறங்காது.

படி 1. இழைத்துப் பல வாரம் கிடந்த தேக்குத் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி உருண்டு நிற்கும். பக்கத்திலேயே சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். அது சப்பையாகி நார் வழியே ஓடும். 25 டிகிரியில் நீரின் பரப்பு இழுவிசை (சொட்டை உருண்டையாகப் பிடித்து வைக்கும் விசை) மீட்டருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூட்டன். சோப்பு அதைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறது. இப்படிச் செய்யும் பொருளுக்குத்தான் சர்ஃபாக்டன்ட் என்று பெயர்.

படி 2. மூன்று கப்பில் தலா 50 கிராம் வெள்ளைப் பசை (பி.வி.ஏ.) எடுங்கள். முதல் கப்பை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு, மூன்றாவதில் ஒரு டீஸ்பூன். மெதுவாகக் கலக்குங்கள், வேகமாகக் கலக்கினால் நுரை வரும்.

படி 3. ஒவ்வொரு பசையாலும் ஒரு ஜோடித் துண்டை ஒட்டி, கிளாம்ப் போட்டு, 24 மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஒட்டில் உளியை வைத்துத் தட்டிப் பிளந்து பாருங்கள். பசையில் மர நார் பிய்ந்து வந்திருந்தால் நல்ல ஒட்டு. பசை மட்டும் வழவழவென்று கழன்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

டீஸ்பூன் ஜோடியைக் கூர்ந்து பாருங்கள். நுரை இருந்த இடங்களில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரியும். நீர் காய்ந்து போய்விடும், சோப்பு போகாது. அது பசைப்படலத்தை இளக்கும். ஓரத்துக்கு நகர்ந்து மரத்துக்கும் பசைக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரம் பட்டால் தண்ணீரையும் உள்ளே இழுக்கும். ஆகவே படர வைக்கும் அதே பொருள், கூடினால் பிடிப்பைக் கெடுக்கும்.

சோதனையோடு சரி, வீட்டு மேசைக்கு இந்த லிக்விட் வேண்டாம். அதில் உப்பும் வாசனையும் கலந்திருக்கிறது. பசைத் துகள்கள் திரியாமல் இருக்க வேண்டியதை, தயாரிக்கும்போதே சேர்த்துவிடுகிறார்கள்.

படி 4. இன்னொரு ஜோடியை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, அந்த நிமிஷமே தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பாருங்கள். இந்த முறை அது முத்தாக நிற்காமல் படரும். ஈரம் காய்ந்ததும், சோப்பில்லாத முதல் கப் பசையால் அன்றைக்கே ஒட்டுங்கள். தேக்குக்கு நான் கையாளுவது இந்த வழியைத்தான்.