பிரென்டக்சிமாப் போட்டுக்கொள்பவர்கள் கால்களைக் கவனியுங்கள்

மதுரையில் கீமோ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். திரும்பி வந்த ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு பிரென்டக்சிமாப் வெடோட்டின் ஊசி போட எங்கள் பக்கத்துக் குடும்பங்களும் வருகின்றன. முன்பு வந்தவர்கள் செய்த தவறையே புதிதாக வருபவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தேதி மறப்பது, சாப்பிடாமல் வருவது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

மரத்துப்போவதை மறைப்பது

இந்த மருந்தால் கை கால் மரத்துப்போகலாம். அதை மறைப்பதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர். ஒவ்வொரு முறையும் "ஒண்ணும் இல்ல ஆத்தா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். வீட்டில் கோலம் போடுவதைப் பேத்தியிடம் விட்டிருக்கிறார். ரவிக்கைக் கொக்கியை மருமகள் மாட்டிவிடுகிறார். யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஒரு நாள் உச்சிவெயிலில் வளவில் (வீட்டு முற்றத்தில்) காய்ந்த வற்றலை அள்ள வெறுங்காலோடு நடந்திருக்கிறார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அவருக்குச் சுடவே இல்லை. சாயங்காலம் பேத்தி பார்த்துத்தான் தெரிந்தது. புண் ஆற நாளாகி, ஊசியும் தள்ளிப்போனது.

ஏன் மறைத்தார்? "சொன்னா மருந்தைக் குறைச்சிடுவாங்க, நோய் திரும்பிடும்" என்ற பயம். இவ்வளவு செலவு செய்துவிட்டு நிறுத்துவதா என்ற கவலை வேறு.

இந்த மருந்து ஒரு ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட செல்லைத் தேடிப் பிடிக்கும் புரதம்; அதோடு எம்எம்ஏஇ என்ற விஷம் கட்டப்பட்டிருக்கிறது. லிம்போமா செல்லின் மேலுள்ள சிடி30 புரதத்தைப் பிடித்து உள்ளே போனதும் விஷம் விடுபட்டு, செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களைக் குலைக்கிறது. செல் பிரிய முடியாமல் சாகிறது. ஆனால் நரம்புகளும் தமக்கு வேண்டியதை அதே போன்ற நுண்குழாய்கள் வழியாகத்தான் கடத்துகின்றன. நீளமான நரம்புக்கு அடி முதலில் விழும். அதனால்தான் கால்விரலில் ஆரம்பிக்கிறது.

வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 1.8 மில்லிகிராம், 3 வாரத்துக்கு ஒரு முறை. திரும்பி வந்த நோய்க்கு அதிகபட்சம் 16 முறை. தனியாக இந்த மருந்து மட்டும் போகும்போது, மரத்துப்போவது அன்றாட வேலையைத் தொட ஆரம்பித்தால் ஊசியை நிறுத்திவைத்து, குறைந்த பிறகு கிலோவுக்கு 1.2 மில்லிகிராமில் தொடருவார்கள். சிகிச்சையைக் கைவிடுவதாக இதற்கு அர்த்தமில்லை. தொடர்வதற்கான வழியே இதுதான். மறைத்துக்கொண்டே போனால், ஒரேயடியாக நிறுத்தும் நிலை வரும். மருந்தை நிறுத்தினால் பலருக்கு மெல்ல மெல்லச் சரியாகிறது. எல்லோருக்கும் முழுசாகத் திரும்புவதில்லை.

புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு டிக் அடிக்காதீர்கள். சட்டைப் பட்டன் போட முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா, புள்ளி வைத்துக் கோலம் போட வருகிறதா என்று கேளுங்கள். கூட வந்தவரையும் கேளுங்கள். வீட்டு ஆட்கள் தினம் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போக நினைப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பவே வேண்டாம்.

பழைய ரிப்போர்ட்டை வீட்டில் விட்டு வருவது

முதலில் ஏபிவிடி என்ற கீமோ போட்டிருந்தால் அதில் வின்பிளாஸ்டின் உண்டு. அதுவும் நரம்பைத் தொடும் மருந்து. பிளியோமைசினும் உண்டு, அதை இந்த மருந்தோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது, நுரையீரல் கெடும். எனவே எந்த மருந்து, எத்தனை முறை என்ற சீட்டு எங்களுக்கு வேண்டும்.

எடையை வாயால் சொல்வது

மருந்தின் அளவே எடையை வைத்துத்தான். மெஷினில் ஏறுங்கள். ஒவ்வொரு முறையும்.

பேச்சுக் குழறலை வயசு என்று விடுவது

குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், ஒரு பக்கம் பலமிழப்பு: அரிதாக மூளைத் தொற்றாக இருக்கலாம். அன்றே சொல்லுங்கள்.

காய்ச்சலுக்கு விடியட்டும் என்று இருப்பது

100.4 டிகிரி தொட்டால், பாராசிட்டமால் போட்டுத் தூங்க வேண்டாம். வெள்ளை அணு குறைந்திருக்கலாம். மதுரைக்கு வந்துதான் பார்க்க வேண்டும் என்றில்லை; ராத்திரியே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், போடும் மருந்தின் பெயரைச் சொல்லி, ரத்த அணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்தே எங்கள் வார்டுக்கு போன் போடுங்கள்.