குறைமாதக் குழந்தையின் வயிறு: என்.ஐ.சி.யூ.வில் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்.ஐ.சி.யூ. என்னும் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் காத்திருக்கும் பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்பது, "உங்க பாப்பாவுக்கு இப்போ எத்தனை மில்லி போகுது?" என்பதுதான். முதல் சில நாள் மூச்சைப் பற்றிய பயம் இருக்கும். அது கொஞ்சம் அடங்கியதும் கவலை முழுவதும் வயிற்றுக்கு வந்துவிடும். பால் ஆரம்பித்தார்கள், நிறுத்தினார்கள், வயிறு உப்பியிருக்கிறது, எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று நாளெல்லாம் அதே பேச்சு. இந்த நேரத்தில் பெற்றோர் செய்யும் தவறுகள் பாசத்தாலும் பதற்றத்தாலும் வருபவை. யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. முன்பே தெரிந்திருந்தால் வீண் வேதனை கொஞ்சம் குறையும்.

மில்லி கணக்கை மார்க் ஷீட் போலப் பார்ப்பது

மற்ற பல தவறுகளுக்கும் இதுதான் வேர். 28 வாரத்தில் பிறந்த குழந்தையின் குடலில், உணவை ஒரே திசையில் தள்ளும் அசைவு இன்னும் சீராகியிருக்காது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யும் திறனும் கர்ப்பக் கணக்கில் ஏறத்தாழ 32 முதல் 34 வாரத்தில்தான் வர ஆரம்பிக்கும். அதனால்தான் மூக்கு அல்லது வாய் வழியாக இரைப்பை வரை மெல்லிய டியூப் போடுகிறார்கள்.

ஆரம்பத்தில் கொடுக்கும் பால் பசியாற்றுவதற்கு அல்ல. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லி என்பது குடலைப் பழக்கும் அளவு மட்டுமே. வளரத் தேவையான புரதமும் கொழுப்பும் சர்க்கரையும் அந்த நாட்களில் இரத்தக் குழாய் வழியாகப் போகின்றன. பிறகு படிப்படியாக ஏற்றி, கிலோவுக்கு 150 மில்லியை ஒட்டி வந்தால் அதை 'ஃபுல் ஃபீட்' என்பார்கள். ஒரு கிலோ குழந்தைக்கு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் ஒரு வேளைக்கு சுமார் 12 மில்லி வரும். அவ்வளவுதான்.

பக்கத்து இன்குபேட்டர் குழந்தைக்கு வேகமாக ஏற்றுகிறார்களே என்ற ஏக்கம் வேண்டாம். ஒரு நாளைக்கு கிலோவுக்கு 18 மில்லி ஏற்றுவது நல்லதா, 30 மில்லி ஏற்றுவது நல்லதா என்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2,800 குழந்தைகளுக்கு மேல் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2019இல் வெளிவந்தது. உயிர் பிழைப்பதிலும் 2 வயதில் வளர்ச்சியிலும் இரண்டுக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. வேகமாக ஏற்றியதால் குடல் அழற்சி கூடவும் இல்லை. எந்த வேகம் என்பதை உங்கள் குழந்தையின் நிலையை வைத்து டாக்டர் முடிவு செய்யட்டும். ஒரு நாள் 2 மில்லி குறைந்துவிட்டால் குழந்தை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

ஒரே ஒரு அறிகுறியைப் பிடித்துக்கொள்வது

நர்ஸ் டியூபில் சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாக இழுத்துப் பார்க்கும்போது, முந்தைய வேளைப் பால் கொஞ்சம் திரும்பி வரும். அதைப் பார்த்ததும் "செரிக்கவே இல்லையே" என்று மனசு உடைந்துவிடும். வெள்ளையாகவோ திரிந்த பாலாகவோ கொஞ்சம் வருவது இந்த வயதில் சாதாரணம். ஒவ்வொரு வேளையும் இழுத்துப் பார்க்கும் வழக்கத்தையே பல இடங்களில் விட்டுவிட்டார்கள். கவனிக்க வேண்டியது அளவைவிட நிறத்தை. திரும்பத் திரும்பக் கரும்பச்சையாக வந்தாலோ இரத்தம் கலந்திருந்தாலோ அது வேறு விஷயம்.

வயிறு உப்பியிருப்பதும் அப்படித்தான். மூச்சுக்கு உதவும் சிபாப் கருவி மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றைச் செலுத்தும்போது அதில் ஒரு பங்கு வயிற்றுக்குள் போய்விடும். வயிறு பலூன் மாதிரி தெரியும், ஆனால் தொட்டால் மெத்தென்று இருக்கும். குழந்தையும் சுறுசுறுப்பாக இருக்கும். முதல் மலம் வரச் சில நாள் ஆகலாம். முகம் சிவக்க முக்கிவிட்டு இளக்கமாகப் போனால் அது மலச்சிக்கல் இல்லை.

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்? என்.இ.சி. என்று டாக்டர்கள் சொல்லும் குடல் அழற்சிக்கு. குடல் சுவர் வீங்கி, சில இடங்களில் திசுவே அழுகிப்போகும் நோய் அது. கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் பிறந்த உடனே வராது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில், பால் நன்றாக ஏறி எல்லாரும் நிம்மதியான பிறகு வரும். வயிறு இறுகிப் பளபளப்பாவது, தோல் நிறம் மாறுவது, பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், இவற்றோடு குழந்தை சோர்ந்து கிடப்பது, மூச்சை அடிக்கடி நிறுத்துவது, உடல் சூடு ஏறி இறங்குவது, இவற்றில் சில சேர்ந்து வந்தாலே சந்தேகிப்பார்கள். உடனே பாலை நிறுத்தி, டியூப் வழியாக வயிற்றுக் காற்றை வெளியே எடுத்து, ஆன்டிபயாட்டிக் தொடங்கி, திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுப்பார்கள். குடலில் ஓட்டை விழுந்தால் அறுவை சிகிச்சை. வெறும் சந்தேகம் என்றால் ஓரிரு நாளில் மறுபடி பால் ஆரம்பிக்கலாம். உறுதியானால் 7 முதல் 10 நாளோ அதற்கு மேலோ ஆகும்.

தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அம்மா, அப்பாவின் கண்ணுக்கு இங்கே பெரிய மதிப்பு உண்டு. "இன்னைக்கு ஏதோ சரியில்லை, நேத்து மாதிரி கையைக் காலை அசைக்கலை" என்று தோன்றினால், மானிட்டரில் எண்கள் ஒழுங்காக இருக்கிறதே என்று அடங்கிவிடாதீர்கள். தயங்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள்.

பால் நிறுத்தியதும் பம்ப்பையும் நிறுத்துவது

வருத்தத்திலும் அசதியிலும் பல தாய்மார் இதைச் செய்துவிடுகிறார்கள். குழந்தைக்குத்தான் கொடுக்கவில்லையே, எதற்கு எடுக்க வேண்டும் என்ற எண்ணம். ஆனால் மார்பில் பால் எடுக்காமல் விட்டால் சுரப்பு குறைந்துவிடும். மறுபடி ஆரம்பிக்கச் சொல்லும் நாளில் பால் இருக்காது. 24 மணி நேரத்தில் 8 முறையாவது, இரவிலும் ஒருமுறை, எடுக்க வேண்டும். எடுத்ததைத் தேதி, நேரம் எழுதி, அந்த வார்டு சொல்லும் முறைப்படி உறைய வையுங்கள். என்.இ.சி. வரும் வாய்ப்பைக் குறைப்பதில் தாய்ப்பாலுக்கு இணை இல்லை. முதல் நாட்களின் சீம்பால் அரை மில்லிதான் கிடைத்தாலும் கொட்டிவிடாதீர்கள். தாய்ப்பால் போதாதபோது கேட்டுப் பார்க்க வேண்டியது பால் வங்கியின் தானப் பால். அதை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் தருகிறார்கள்.

இன்னொன்று. குழந்தைக்கு வயிறு உப்பினால், அம்மா என்ன சாப்பிட்டாள் என்று வீட்டில் விசாரணை தொடங்கும். தயவுசெய்து வேண்டாம். முதிராத குடலின் சிக்கல் அது. அம்மாவைப் பத்தியச் சாப்பாட்டில் போட்டு வாட்டுவதால் யாருக்கும் பயனில்லை.

கைவைத்தியமும், மருந்துக்கு அவசரப்படுவதும்

சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர் எதுவும் கூடாது. புரோபயாடிக் எனும் நல்ல பாக்டீரியா பொடியைக் கடையில் வாங்கி வந்து கொடுக்கச் சொல்வதும் சரியில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு அதனால் கடுமையான தொற்று வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்தது. சில மருத்துவமனைகளில் தேர்ந்தெடுத்த வகையைக் கண்காணிப்போடு தருகிறார்கள். அது அவர்கள் முடிவு.

பால் எதுக்களிப்பதற்கு மருந்து கேட்டு நச்சரிப்பவர்களும் உண்டு. இரைப்பையின் மேல்வாய்த் தசை பலப்படும் வரை எதுக்களிப்பு இருக்கத்தான் செய்யும். அமிலத்தைக் குறைக்கும் மருந்து பெரும்பாலான குழந்தைகளுக்குப் பலன் தருவதில்லை. அதோடு, வயிற்று அமிலம் கிருமிகளைத் தடுக்கும் காவலும்கூட. அதைக் குறைத்த குழந்தைகளிடம் தொற்றும் என்.இ.சி.யும் கூடுதலாகக் காணப்பட்டிருக்கின்றன. பாலைக் கெட்டியாக்கும் பொருட்களிலும் எச்சரிக்கை வேண்டும். சாந்தன் கம் கலந்த ஒரு கெட்டியாக்கியைப் பற்றி 2011இல் அதே அமெரிக்க நிர்வாகம் குறைமாதக் குழந்தைகளுக்காக எச்சரிக்கை விட்டது. மெதுவாகக் கொடுப்பது, அளவைக் குறைத்து வேளையைக் கூட்டுவது போன்ற எளிய வழிகளைத்தான் டாக்டர்கள் முதலில் பார்ப்பார்கள்.

தொடப் பயந்து விலகி நிற்பது

டியூப் இருக்கிறது, ஒயர் இருக்கிறது என்று பயப்படுவது இயல்பு. ஆனால் டாக்டர் அனுமதித்ததும் கங்காரு பராமரிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை முடிந்த மட்டும் தோலோடு தோலாக வைத்திருக்க உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. மார்பில் படுத்திருக்கும்போதே டியூப் பால் கொடுக்கலாம். நர்ஸ் பிஸ்டன் இல்லாத சிரிஞ்சைத் தூக்கிப் பிடிப்பார். பால் தன் எடையில் இறங்கும். வேகமாக இறங்கினால் கையைக் கொஞ்சம் தாழ்த்துவார். குழந்தை முகம் சுளித்தால் நிறுத்துவார். பல வார்டுகளில் அந்தச் சிரிஞ்சைப் பிடிக்க அப்பாவுக்கும் கற்றுத்தருவார்கள். கேளுங்கள். அந்த நேரத்தில் சூப்பான் சப்பக் கொடுத்தால், பின்னால் வாயால் குடிக்கப் பழகுவதும் எளிதாகும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது

வார்டில் குப்புறப் படுக்க வைத்தார்களே, வயிற்றுக்கு நல்லதுதானே என்று வீட்டிலும் அப்படியே செய்வது ஆபத்து. அங்கே மானிட்டர் இருந்தது. வீட்டில் மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும். எதுக்களிப்பு இருந்தாலும் அதேதான். பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், இறுகிய வயிறு, பாலை அடியோடு மறுப்பது, இதில் எது வந்தாலும் மறுநாள் வரை பொறுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். என்.இ.சி. வந்து தேறிய குழந்தைக்குச் சில வாரம் கழித்தும் குடல் சுருங்கி அடைப்பு வரலாம். அதனால் பழைய டிஸ்சார்ஜ் காகிதங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.