டெஸ்க்டாப் காலியாக வந்தால், புரொஃபைலை அழிக்காதீர்கள்

ஆபீஸ் விண்டோஸ் கணினியில் உங்கள் புரொஃபைல் (உங்கள் ஃபைல்களும் அமைப்புகளும்) ஏறாமல் காலி டெஸ்க்டாப் வந்து, ரீஸ்டார்ட் செய்த பிறகும் 'தற்காலிக புரொஃபைல்' என்றே காட்டினால், அட்மின் கணக்கில் நுழைந்து ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) 'புரொஃபைல் லிஸ்ட்' (ProfileList) பகுதியைப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் கணக்கைக் குறிக்கும் ஒரே நீண்ட எண் இரண்டு முறை இருக்கும். ஒன்றின் வாலில் மட்டும் 'பி.ஏ.கே.' (.bak) என்று ஒட்டியிருக்கும். அதுதான் உண்மையான புரொஃபைல். ஏற்ற முடியாமல் போனதால் விண்டோஸ் அதை ஒதுக்கி வைத்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துக்கொண்டு, வால் இல்லாததற்கு வேறு பெயர் வைத்து, மற்றதன் வாலை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் பழைய ஃபைல்கள் அப்படியே வந்துவிடும். அதுவரை அந்தக் காலி டெஸ்க்டாப்பில் எதையும் சேமிக்கவே வேண்டாம், லாக்-ஆஃப் செய்ததும் போய்விடும்.

புரொஃபைல் ஃபைலே கெட்டுப்போயிருந்தால் இது உதவாது. ரோமிங் புரொஃபைல் (சர்வரில் சேமிக்கப்படும் புரொஃபைல்) என்றால், சரி, முதலில் சர்வர் இணைப்பைப் பாருங்கள்.