அந்தமானுக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு

போர்ட் பிளேரில் ஒரு வீடு இருந்தால் டிசம்பரிலும் ஏப்ரலிலும் கூடத்தில் விரித்த பாயைச் சுருட்டவே முடியாது. விருதுநகர் பெரியம்மா வீட்டார் கிளம்பினால் சிவகாசி மச்சினர் வீட்டார் வந்து நிற்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அங்கே என்னென்ன பாயிண்ட் இருக்கு?" ஏஜென்ட் கொடுத்த பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பி, இதில் எதையாவது விட்டுவிட்டோமா என்று வேறு கேட்பார்கள். என் பதிலைப் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

முதலில் பட்டியலை ஓரமாக வையுங்கள். இங்கே நாளைத் திட்டமிடுவது சூரியனும் கடலும்தான். நாமும் மெயின்லேண்டின் அதே மணியைத்தான் வைத்திருக்கிறோம், ஆனால் சென்னைக்கு வெகு கிழக்கே இருக்கிறோம். அதனால் ஏப்ரலில் காலை 5 மணிக்கே சூரியன் வந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே மறைந்துவிடும். ஒன்பது மணிக்கு எழுந்து, இட்லி சாப்பிட்டு, பதினொன்றுக்குக் கிளம்பினால் பாதி நாள் போயிற்று. நாலரைக்கு எழுந்திருங்கள், மதியம் நன்றாகத் தூங்குங்கள். விடுமுறையில் இதுவா என்று முணுமுணுக்கிற பிள்ளைகள்கூட இரண்டாம் நாள் பழகிவிடுகிறார்கள்.

அடுத்தது கடல். ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். இன்று வற்றிய நேரத்துக்கு நாளை வற்றாது, ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். ஆகவே டிக்கெட் போடும்முன் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். நல்ல நேரம் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை, அமாவாசை எப்போது என்று தெரிந்துகொள்ளத்தான். வந்த பிறகு, தங்குகிற விடுதியில் அன்றைய ஏற்ற, வற்ற நேரத்தைக் கேட்டுவிட்டு மற்ற எதையும் முடிவு செய்யுங்கள். பவளப்பாறை உள்ள கரையில் தண்ணீர் வற்றினால் முழங்கால் அளவுகூட இருக்காது. அங்கே நீந்தப் போனால் காலைக் கிழித்துக்கொண்டுதான் வருவீர்கள்.

மாதம் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை என் ஓட்டு. மே கடைசியில் மழை பிடிக்கும். நவம்பர், டிசம்பரில் புயல் சின்னம் ஏதாவது வந்து படகுகளை நிறுத்திவிடலாம். அதனால் எந்த மாதம் வந்தாலும் ஒரு விதி: திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில் இருக்க வேண்டும். ஹாவ்லாக் தீவிலிருந்து காலையில் படகேறி மதியம் விமானம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கடல் சரியில்லை என்றால் படகு வராது, விமானம் உங்களுக்காக நிற்காது.

பெயர்க் குழப்பம் வேண்டாம் என்பதற்காக ஒரு வரி. 2018 கடைசியில் ஹாவ்லாக் சுவராஜ் தீவாகவும், நீல் ஷாஹீத் தீவாகவும், ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும் ஆயின. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் ஒன்றுதான். ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலும் போதும்.

ஹாவ்லாக்குக்குத் தனியார் படகு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். ஏசி இருக்கும், ஆனால் மூடிய கூடம். அரசுப் படகு மெதுவாகப் போகும், கட்டணம் குறைவு, மேல்தளத்தில் காற்று வாங்கலாம். வாந்தி வருகிறவர்களுக்கு அரசுப் படகுதான் என் சிபாரிசு, டிக்கெட் கிடைத்தால். எதில் போனாலும் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு முட்டப் பூரி மசாலாவும் வேண்டாம். நடுப்பகுதியில் உட்கார்ந்து தூரத்தில் கடலும் வானமும் சேரும் இடத்தைப் பாருங்கள். போனைப் பார்த்தால் தலை சுற்றும். வாயில் ஒரு துண்டு இஞ்சிமரப்பா. ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள், எனக்கும் சேர்த்து.

இனி தண்ணீருக்குள் இறங்குவது. என்னைக் கேட்டால் அந்தமானுக்கு வருவதே இதற்குத்தான். நீச்சல் தெரியாது என்பது ஒரு சாக்கே இல்லை. ஹாவ்லாக்கின் எலிஃபன்ட் பீச்சில் ஸ்நார்க்கலிங் (கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) செய்கிறவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டுவிடுவார்கள், மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டால் வழிகாட்டி இழுத்துப் போவார். முதல் படகில் போங்கள். பத்து, பதினொரு மணிக்கு மேல் கூட்டமும் மணல் கலங்கலும் சேர்ந்து ஒன்றும் தெரியாது.

கண்ணாடி முகமூடியைப் போடும்போது விளிம்பில் ஒரு முடிகூட மாட்டக் கூடாது, மாட்டினால் தண்ணீர் கசியும். மீசை வைத்த மாமாக்களுக்கு இது பெரிய பிரச்சினை. மீசையின் மேல் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் சமாளிக்கலாம். மழித்துவிட்டால் இன்னும் நல்லது என்று சொன்னதற்கு எங்கள் சித்தப்பா என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. கண்ணாடியின் உட்புறம் எச்சில் தடவி அலசுங்கள், ஆவி படியாது. அருவருப்பாக இருந்தாலும் எல்லோரும் செய்வது அதுதான். முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் உள்ளே வைத்து, வாயால் மூச்சுவிட்டுப் பழகுங்கள். மூச்சு சீரானதும் மிதக்கலாம். கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் கறக் கறக்கென்று காதில் விழும்.

பவளத்தைத் தொடாதீர்கள், மேலே ஏறி நிற்காதீர்கள். பார்க்கக் கல்லாகத் தெரிந்தாலும் உயிருள்ளது. 2010இல் கடல் சூடேறி இங்கே ஏராளமான பவளம் வெளுத்துப்போனது. மிச்சம் இருப்பதை நம் கால் உடைக்க வேண்டாம். சன்ஸ்கிரீனை உடம்பெல்லாம் பூசுவதைவிட முழுக்கை டீசர்ட்டும் லெக்கிங்ஸும் மேல். முதுகும் காப்பாற்றப்படும். துப்பட்டாவோடு இறங்க வேண்டாம், கழுத்திலும் கையிலும் சுற்றிக்கொள்ளும்.

ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போவது, வேறு கதை. அறிமுக முக்குளிப்பில் பயிற்சியாளர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார், 12 மீட்டருக்கு மேல் ஆழம் போகமாட்டார்கள், அங்கேயும் நீச்சல் கட்டாயமில்லை. ஆனால் மருத்துவப் படிவத்தில் பொய் எழுதாதீர்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை இருந்தால் சொல்லிவிடுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், மூக்கடைப்போடு இறங்கினால் காது வலி தாங்காது. இறங்க இறங்க மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிக் காதைத் திறக்க வேண்டும். வலிக்கும் வரை காத்திருக்காமல் முன்னாலேயே ஊதுங்கள். உள்ளே ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள். இன்னொன்று, ஸ்கூபா முடித்து 18 மணி நேரமாவது போகாமல் விமானம் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்தால் குமிழியாக மாறும். அதனால் ஸ்கூபாவைப் பயணத்தின் முன்பாதியில் வையுங்கள்.

ஹாவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு நாலு மணிக்கு முன்பே போய்விடுங்கள், டிசம்பர் என்றால் மூன்றரைக்கே. வெள்ளை மணல், பின்னால் வானுயர்ந்த மரங்கள், எதிரே மறைகிற சூரியன். படம் எடுத்துவிட்டுக் கிளம்பாமல் சும்மா உட்காருங்கள். இருட்டியதும் காவலர் விசிலடித்து அனுப்பிவிடுவார். குளிப்பது, உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் மட்டும். முதலை எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல. 2010இல் ஹாவ்லாக்கில் ஒரு அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. ஓடை கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காட்டோரம், அந்தி நேரம் மூன்றும் வேண்டாம். கடற்கரையில் இன்னொரு எதிரி மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது, கடித்தால் வாரக்கணக்கில் அரிக்கும். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, ஈர மணலில் நேராக உட்காராமல் துணி விரித்து உட்காருங்கள்.

அமாவாசையை ஒட்டி வந்தால், ஹாவ்லாக்கில் இரவு கயாக் படகில் அலையாத்திக் காட்டுக்குள் அழைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக ஒளிரும். நுண்ணுயிர்கள் கலங்கும்போது விடும் வெளிச்சம் அது. நிலா இருந்தால் தெரியாது, போனில் படமும் வராது. வீட்டுக்கு வந்தவர்களில் நகைக்கடை அண்ணன் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பேசாமல் இருந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

நீல் தீவில் ஒரு இரவாவது தங்குங்கள். காலையில் வந்து மாலையில் ஓடுகிறவர்கள் பார்ப்பது வெயிலை மட்டும்தான். லட்சுமண்பூர் பக்கம் உள்ள இயற்கைப் பாறைப் பாலத்துக்குத் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். அப்போதுதான் குட்டைகளில் கடலட்டை, குட்டி மீன், நண்டு எல்லாம் கண்ணில்படும். பாறை வழுக்கும், பட்டை இறுக்கமான செருப்பு போடுங்கள். பரத்பூர் கடற்கரைக்கு நேர்மாறு, தண்ணீர் ஏறியிருக்கும்போது போங்கள். சீதாபூரில் சூரிய உதயம், அதற்குத்தான் நாலரைக்கு எழச் சொன்னேன். சின்னத் தீவு, சைக்கிள் போதும். காய்கறி இங்கேதான் நிறைய விளைகிறது, சாப்பாட்டில் தெரியும். கையில் ரொக்கம் வைத்திருங்கள், ஏடிஎம்மையும் நெட்வொர்க்கையும் நம்பாதீர்கள்.

போர்ட் பிளேரிலேயே செல்லுலார் சிறை. 1906இல் கட்டி முடித்தபோது ஏழு சிறகுகள், இன்று நிற்பவை மூன்று. பகலில் போய் ஒரு அறைக்குள் தனியாகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள், மாலையில் ஒலி ஒளிக் காட்சி பாருங்கள். எதிரே ராஸ் தீவில், ஆலமர வேர் கவ்விய ஆங்கிலேயர் கட்டடங்களும் மான்களும். அரை நாள் போதும். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறம் இருந்த காட்சி இந்தப் பக்கத்து நார்த் பே கரைதான். அதைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும், உள்ளே வாட்டர் ஸ்போர்ட்ஸ் கூச்சல். அந்த நேரத்தை வண்டூரிலிருந்து போகும் ஜாலி பாய் தீவுக்குக் கொடுங்கள். அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும், பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது, வருடம் முழுவதும் திறந்தும் இருக்காது. அந்தக் கெடுபிடியால்தான் அங்கே பவளம் நன்றாக இருக்கிறது.

பாராடாங் சுண்ணாம்புக் குகைக்கு நான் யாரையும் அழைத்துப் போவதில்லை. சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. குகையைவிட அவர்களைப் பார்க்கத்தான் பாதிப்பேர் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்களாகப் போனால், வழியில் நிறுத்துவது, படமெடுப்பது, எதையாவது கொடுப்பது எல்லாம் குற்றம் என்பதை மனதில் வையுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். போர்ட் பிளேர் அபர்தீன் பஜார் பக்கம் இட்லி, புரோட்டா எல்லாம் கிடைக்கும், பாதிக் கடைகளில் தமிழ் பேசுவார்கள். ஆனால் ஹாவ்லாக்கில் வங்காளிகள் நடத்தும் சின்ன மெஸ்ஸில் மீன் குழம்பும் சோறும் சாப்பிடாமல் வராதீர்கள். காலையில் என்ன மீன் வந்தது என்று கேட்டு, அதையே வாங்குங்கள்.

கடைசியாகப் பெட்டி கட்டும்போது பிள்ளைகளின் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். கரையில் பொறுக்கிய சங்கு, செத்த பவளத் துண்டு எதையும் எடுத்துப்போக அனுமதியில்லை, விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள். சங்குப் பொருள் வேண்டுமென்றால் அரசின் சாகரிகா கடையில் வாங்கி, பில்லைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.