பள்ளிப் பிள்ளைகள் பண்ணைக்கு வருகிறார்களா? விதை தேர்வு செய்யும் நாளில் வரச் சொல்லுங்கள்

இயற்கைப் பண்ணையைச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும் பிள்ளைக்கு வெயில்தான் நினைவில் நிற்கும். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். சம்பாவுக்கு நாற்றங்கால் தயாராகும் ஆவணி மாதம் அதற்குத் தோதானது.

முந்தைய நாள்: திறந்த கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், மோட்டார் அறையைப் பூட்டுங்கள். பக்கத்து வயலில் மருந்து அடிக்கப்போகிறார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் தேதியை மாற்றத்தான் வேண்டும். 40 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பெரியவரை நிறுத்துங்கள்.

முட்டையும் உப்பும்: ஒவ்வொரு குழுவுக்கும் வாளியில் 5 லிட்டர் தண்ணீர், 1 கிலோ கல் உப்பு, 1 கிலோ விதைநெல், ஒரு பச்சை முட்டை.

முதலில் முட்டையை வெறும் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். அடியில் படுத்துக் கிடக்க வேண்டும். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதந்து கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கரைக்கட்டும். முட்டை மெல்ல எழும்பி, அதன் முதுகு பழைய 25 பைசா அளவுக்கு வெளியே தெரிந்ததும் நிறுத்துங்கள். அந்த நொடியில் பிள்ளைகள் போடும் கூச்சலைத் தடுக்காதீர்கள்!

முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டிக் கிளறுங்கள். பதர் மிதக்கும், மணி பிடித்த விதை அடியில் தங்கும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, அவசரத்தில் உப்பை மொத்தமாகக் கொட்டுவது. கரைசல் கனத்துப் போய் நல்ல விதையும் மிதக்கும். தண்ணீர் சேர்த்துச் சரிசெய்யலாம். மூழ்கிய விதையை உடனே மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு பாழ். உப்புத் தண்ணீரை வயலிலோ எருக்குழியிலோ ஊற்ற வேண்டாம்.

மண்கட்டி: தழை எரு போட்ட வயலிலிருந்து ஒரு கட்டி, வண்டிப்பாதையிலிருந்து ஒரு கட்டி. இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரே நேரத்தில் மெதுவாக இறக்குங்கள். பாதைக் கட்டி பொலபொலவென்று உதிரும். மட்கு நிறைந்த கட்டி நெடுநேரம் உருவம் குலையாமல் நிற்கும். கட்டிகளை இரண்டு நாள் நிழலில் உலர்த்தியிருக்க வேண்டும், ஈரக் கட்டியில் வித்தியாசம் தெரியாது.

சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும்; மண்ணையும் சாணத்தையும் தொட்ட கை.

பள்ளிக்கு எடுத்துச்செல்ல: அலசிய விதையில் 100 எண்ணிக் கொடுங்கள். ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, காயாமல் தண்ணீர் தெளித்து வரட்டும். ஒரு வாரம் கழித்து முளைத்தவற்றை எண்ணச் சொல்லுங்கள். 80க்குக் குறையாமல் இருந்தால் அந்த விதையை நம்பி நாற்றங்காலில் விடலாம்.