பக்கிங்காம் கால்வாயை ஆட்களின் வழியே பாடம் நடத்துவது எப்படி

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தைத் தாண்டித்தான் எங்கள் பிள்ளைகளில் பலர் வருகிறார்கள். தூண்களுக்குக் கீழே கிடக்கும் தண்ணீரைக் கூவம் என்றே நினைத்திருப்பார்கள். அது ஆறே இல்லை, ஆட்கள் வெட்டிய கால்வாய் என்று சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "யார் மிஸ் வெட்டினாங்க?" பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்.

முதலில் கால்வாயைக் காட்டிவிடுங்கள். கரையில் இறங்க வேண்டாம், ஒரு பாலத்தில் நின்று பார்த்தால் போதும். அப்புறம் வகுப்பை நான்கைந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒருவராக, கால்வாயோடு தொடர்புடையவர்களின் பெயரைக் கொடுங்கள். "வாழ்க்கை வரலாறு எழுதி வா" என்றால் பிறந்தார், இறந்தார் என்று இணையத்திலிருந்து அப்படியே இறக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குப் பதில் இரண்டே கேள்வி கொடுங்கள்: இவருக்குக் கால்வாய் எதற்குத் தேவைப்பட்டது? இவர் எடுத்த முடிவால் யாருக்கு என்ன ஆனது?

பேசில் கோக்ரேன் பிள்ளைகளுக்குப் பிடித்த ஆள். கடற்படைக்கு உணவுப் பொருள் கொடுத்த ஒப்பந்தக்காரர். 1801-ல் வேலை தொடங்கி, 1806-க்குள் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 18 கிலோமீட்டர் வெட்டி முடித்தார். பல காலம் அது கோக்ரேன் கால்வாய்தான். பிறகு அவர் லண்டனில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தியபோது, அங்கே வேலை பார்த்தவர் பாட்னாவில் பிறந்த தீன் முகமது. கால்வாயைத் தேடிப் போன குழு இந்தச் செய்தியோடு திரும்பினால் தடுக்காதீர்கள். ஒரு மனிதரைத் தேடும்போது கிளைக்கதை வரத்தான் செய்யும்.

பாடத்தின் கனமான பகுதி 1876–78 தாது வருடப் பஞ்சம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு அப்போதுதான் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. நம் பிள்ளைகள் தினமும் பார்ப்பது அதைத்தான். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன். 1878-ல் அவர் பெயரே கால்வாய்க்கு வந்தது. இங்கே இன்னும் இரண்டு பேரைச் சேர்க்காமல் விடாதீர்கள். ஒருவர் வைஸ்ராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். நிவாரண வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றவர். இன்னொருவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். மண் சுமக்கும் உடம்புக்கு அது பத்தாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும் என்று வாதாடியவர்.

இதை வெறும் பேச்சாகச் சொல்லிக் கடந்துவிடாதீர்கள். வகுப்புக்கு ஒரு தராசும் அரிசியும் கொண்டுவாருங்கள். ஒரு தட்டில் 450 கிராம், இன்னொரு தட்டில் 680 கிராம் நிறுத்து மேசைமேல் வையுங்கள். பிள்ளைகள் முதலில் "இவ்வளவு அரிசி ஒரு ஆளுக்கா, நிறையதானே" என்பார்கள். குழம்பு இல்லை, காய் இல்லை, பருப்பு இல்லை, பகல் முழுக்க மண் சுமக்க வேண்டும், பலர் ஏற்கெனவே பட்டினியில் மெலிந்து வந்தவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு டெம்பிளுக்கும் கார்னிஷுக்குமான வாதத்தை இரண்டு குழுவும் பேசட்டும். டெம்பிள் பக்கம் பேசும் குழு அரசுச் செலவுக் கணக்கைச் சொல்லித்தான் வாதாட வேண்டும். அவரை வெறும் வில்லனாக்கினால் முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பது புரியாமல் போய்விடும். பஞ்சகாலப் புகைப்படங்களை இதற்கு முன்னால் காட்டாதீர்கள். எலும்பும் தோலுமான உருவங்களை முதலிலேயே பார்த்துவிட்டால், அதன்பின் பிள்ளைகள் கணக்கைக் கவனிக்க மாட்டார்கள்.

பெயர் இல்லாதவர்களையும் தேட வைக்க வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம். ஒவ்வொரு குழுவும் எழுதும் அட்டையில், அவர்கள் தேடிய ஆளின் பெயருக்குக் கீழே "வேலை செய்தவர்கள்" என்று ஒரு வரி கட்டாயம். அங்கே என்ன எழுதுவது என்று முழிப்பவர்களுக்குப் பாரதிதாசனைக் கொடுங்கள். இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதைப் பாடியவர், கரையில் கயிறு கட்டிப் படகை இழுத்தவர்கள் பட்ட பாட்டையும் அதில் சொல்லியிருக்கிறார். தமிழாசிரியரோடு சேர்ந்து ஒரு பாடவேளை அதற்கு ஒதுக்கலாம்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களிடம் பேட்டி. "அந்தக் காலத்தில் கால்வாய் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். "உங்க வீட்டுக்கு விறகு எங்கேயிருந்து வந்தது? உப்பு?" என்று கேட்கச் சொல்லுங்கள். படகில் வந்த சவுக்கு விறகு நினைவுக்கு வந்துவிட்டால் மற்றது தானாக வரும். படகுப் போக்குவரத்து எப்போது நின்றது என்று அவர்கள் சொல்லும் காலத்தை, கால்வாயைச் சேதப்படுத்திய 1965, 1966 புயல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வையுங்கள். பொருந்தவில்லை என்றால் பெரியவர் சொன்னதை அடிக்க வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஏன் மாறுகிறது என்று குழுவே ஒரு பத்தி எழுதட்டும்.