செயலாளர் பொறுப்புக்குப் புதியவரா? ஒரு மூத்தவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்

சிறிய தொண்டு நிறுவனத்தின் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்களுக்கு இது. அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பணம் இல்லை என்பதை ஊழியர்களிடம் சொல்ல முடியாது. அறங்காவலர் குழுவிடம் சொல்லவும் தயக்கம். அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமக்காதீர்கள். பல வருடம் நிறுவனம் நடத்திய ஒருவரிடம் மாதம் ஒரு மணி நேரம் கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம், பலர் மனதாரச் சம்மதிப்பார்கள்.

ஆள் தேர்வில்தான் கவனம் வேண்டும். உங்களுக்கு நிதி தருபவர் வேண்டாம். அதே நன்கொடையாளரிடம் விண்ணப்பிப்பவரும் வேண்டாம். மனம்விட்டுப் பேச வராது.

"நிறுவனத்தை எப்படி நடத்துவது?" என்று பொதுவாகக் கேட்காமல், கையில் ஒரு தாளோடு போங்கள். இந்தியாவில் வெளிநாட்டு நிதி பெறுபவர் என்றால் பட்ஜெட்டையே எடுத்துச் செல்லலாம். வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, நிர்வாகச் செலவு அந்த வெளிநாட்டு நிதியில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50. எந்தச் சம்பளம் நிர்வாகக் கணக்கு, எது களப்பணிக் கணக்கு என்று வரி வரியாக உட்கார்ந்து பார்க்க, டிசம்பர் 31-க்குள் எஃப்.சி.-4 என்ற வெளிநாட்டு நிதி ஆண்டுக் கணக்குப் படிவத்தைப் பலமுறை தாக்கல் செய்த அனுபவம் பெரிய துணை. ஆடிட்டரையும் கேளுங்கள், அது வேறு.

மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உடனே தீர்வு சொல்லிவிடாதீர்கள். "நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பேசியது வெளியே போகாது என்பதை முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.